அரைநாள் அப்பா

ஒரு சனிக்கிழமை காலை முழுக்க என் சித்தப்பா எனக்கு அப்பாவாக இருந்தார். ஏற்பாடு அப்பாவுடையதுதான்.

அப்பா போலீஸில் ஏட்டு, ஜீப் ஓட்டுவார். அவருக்குச் சீனி வியாதி உண்டு என்பது எங்கள் வீட்டுக்கும் வடசேரியில் ஒரு சந்துக்குள் இருந்த லேபுக்கும் மட்டும் தெரியும். வெளியே தெரிந்தால் ஜீப்பிலிருந்து இறக்கி வெயிலில் நிறுத்திவிடுவார்கள் என்று மனுஷனுக்கு ஒரே பயம். அந்தச் சமயம் பார்த்தா காவலர்களுக்கெல்லாம் மருத்துவ முகாம் வர வேண்டும், அதுவும் கட்டாயமென்று?

கல்ஃபிலிருந்து லீவில் வந்திருந்த சித்தப்பா, அப்பாவை அப்படியே உரித்து வைத்தது போல இருப்பார். உடம்பு மட்டும் கருங்கல். "நான் போறேன் அண்ணே. எனக்க ரத்தத்துல எறும்புகூட மொய்க்காது" என்றார். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஆள்மாறாட்டம் பண்ணுனவனைப் பிடிச்சு உள்ள போடுக மனுசன் செய்யுக வேலையா இது? கர்த்தர் பாத்துட்டுதான் இருக்காரு."

கர்த்தர் பார்த்தாலும் பரவாயில்லை, தெரிந்த போலீஸ்காரர் பார்க்கக் கூடாது என்று குழித்துறை முகாமைத் தேர்ந்தெடுத்தார்கள். கூட ஒரு பிள்ளை இருந்தால் சந்தேகம் வராது என்பதற்காக என்னையும் பைக்கில் ஏற்றினார் சித்தப்பா. "அங்க வச்சு நான்தான் அப்பா, கேட்டியா? சித்தப்பான்னு வாயத் தொறந்த, உனக்க அப்பன் வேல போச்சு!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. முகாம் நடந்த மண்டபத்துக்குள் போகும்வரைதான் அந்தப் பெருமை.

அங்கே அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். சித்தப்பா எழுந்தார். பதில் சொல்லுமுன் அப்பா தொண்டையை ஒரு மாதிரி செருமுவார். அதே செருமல். அதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நடையும் அப்பாவின் நடையாகிவிட்டது. அவர் மாட்டியிருந்த அப்பாவின் காக்கிச் சட்டையிலிருந்து அப்பாவின் வியர்வை வாசம் வந்தது. சோதித்துப் பார்க்கலாம் என்று மெல்ல "அப்பா" என்றேன். "என்ன மக்கா?" என்று திரும்பியவரின் முகத்தில் சித்தப்பாவைக் காணவே இல்லை. என் கை முடியெல்லாம் குத்திட்டு நின்றது. அப்படியானால் வீட்டில் கைலியோடு உட்கார்ந்திருப்பவர் யார்?

ஒரு நர்ஸ் அக்கா தட்டு ஒன்றைத் தூக்கிக் காட்டி, பாதித் தட்டுக்குக் காய், ஒரு கைப்பிடி சோறு, உப்பும் கருவாடும் ஆகாது, ராத்திரி நல்ல உறக்கம் வேண்டும் என்று பாடம் நடத்தினாள். "உறக்கத்த மட்டும் நீங்களே எங்க அதிகாரிகிட்ட கேட்டு வாங்கித் தாங்கம்மா" என்றார் ஒரு போலீஸ்காரர். எல்லாரும் சிரித்தார்கள்.

அப்புறம் ஈசிஜி. பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் சித்தப்பாவைப் படுக்க வைத்தார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவின் காலுறை போட்ட இரண்டு பாதங்கள்தான். அவை அசையவில்லை. திரைக்கு இந்தப் பக்கம் இருந்த மெஷினிலிருந்து கட்டம் போட்ட காகிதம் நீண்டுகொண்டே வந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்தார், திரும்பவும் எடுக்கச் சொன்னார்.

"நெஞ்சு வலி உண்டா? கைகடுப்பு?"

"ஜீப்பு ஓட்டுக கை இல்லியா டாக்டர், இடது கை கொஞ்சம் கடுக்கும்" என்றது அப்பாவின் குரல்.

இப்போதே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஆம்புலன்ஸ் சொல்கிறேன் என்றார் டாக்டரம்மா. சித்தப்பா என்னைக் கைகாட்டினார். பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு நேரே போவதாகச் சொன்னார், கெஞ்சினார், கடைசியில் கையெழுத்தும் போட்டார், அப்பாவின் பெயரை. டாக்டரம்மா குனிந்து என் கன்னத்தைத் தொட்டார். அந்த விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"மக்கா, அப்பாவுக்கு நெஞ்சுல கோளாறு இருக்கு. நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போணும். அதுவரைக்கும் ஒத்தைல விடாத, என்ன?"

நான் தலையாட்டினேன். அய்யோ, எங்கப்பா!

வரும் வழியில் ஆற்றுப்பாலத்தின் பக்கம் பைக்கை நிறுத்தி சித்தப்பா ஒரு சோடா குடித்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. "வீட்டுல ஒண்ணும் சொல்லாத மக்கா. அப்பா பயந்துருவாரு. ஆஸ்பத்திரில போனா கார்டு கேப்பான், எல்லாம் வெளிய வந்துரும். சாயங்காலமா நான் பாத்துக்கிடுகேன்" என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. நெஞ்சுக் கோளாறு உள்ளவர்களிடம் அதிர்ச்சியான செய்தியைச் சொன்னால் அவர்கள் அங்கேயே விழுந்துவிடுவார்கள் என்று டிவி சீரியலில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும், "எல்லாம் நார்மல் அண்ணே, இன்னும் இருவது வருசம் நீங்க ஜீப்பு ஓட்டலாம்" என்றார் சித்தப்பா. அப்பா அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். மத்தியானம் சாப்பிடும்போது அப்பாவின் தட்டில் கிடந்த பொரித்த நெத்திலிக் கருவாட்டை ஒன்றுவிடாமல் எடுத்துச் சித்தப்பாவின் தட்டில் போட்டேன். "இதென்னட்டி கூத்து?" என்று அம்மா கேட்டாள். சித்தப்பா சிரித்தபடி தின்றார்.

சாப்பிட்டு முடித்து அண்ணனும் தம்பியும் முன்னறையில் பாய் விரித்துப் படுத்தார்கள். ஒரே மாதிரி மல்லாந்து, ஒரே மாதிரி நெற்றியில் கைவைத்து. வாசலில் நின்று பார்த்தபோது, யார் அப்பா, யார் சித்தப்பா என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை. கைலியின் நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

இருவருக்கும் நடுவே அப்பாவைப் பார்த்து உட்கார்ந்தேன். அவர் மூக்கடியில் விரலை நீட்டி வைத்துக்கொண்டேன். மூச்சின் சத்தமும் கேட்டால் நன்றாக இருக்குமே என்று பார்த்தேன், முதுகுக்குப் பின்னால் சித்தப்பாவின் குறட்டை விட்டால்தானே! இழுத்து இழுத்து, நடுநடுவே கரகரவென்று ஒரு குறட்டை. "சத்தம் போடாதீங்க சித்தப்பா" என்று திரும்பாமலே அதட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் குறட்டை நின்றது. சொன்ன பேச்சைக் கேட்டாரே என்று எனக்குச் சந்தோஷம். அறை அவ்வளவு அமைதியாகிவிட்டது. அப்பாவின் மூச்சு இப்போது தெளிவாகக் கேட்டது, விரலில் சூடாகப் பட்டது. டாக்டரம்மா சொன்னபடியே அப்பாவை ஒத்தையில் விடாமல் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா சாயங்காலக் காப்பியோடு வரும்வரை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.