ஓடும் எஞ்சின் மேல் தூக்கம்

வண்டி நிற்கலாம், எஞ்சின் நிற்கக் கூடாது. நின்றால் அவருக்குத் தூக்கம் வராது.

முப்பத்தெட்டு வருஷம் லாரி ஓட்டியவர். இரவில் ஓட்டுவார், பகலில் தூங்குவார். சரக்கு ஏற்றும் யார்டில் வரிசையில் நிறுத்தி, கைபிரேக்கைப் போட்டு, செருப்பைக் கழற்றி மிதிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இருக்கைக்குப் பின்னாலிருந்த படுக்கைப் பலகையில் சாய்வார். கீழே எஞ்சின் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும். பலகை அதிரும். மூன்றாவது நிமிஷம் குறட்டை கேட்கும். யார்டில் அவருக்கு வைத்த பெயர் தொட்டில். "தொட்டில் ஆடுது, யாரும் சத்தம் போடாதீங்க" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே போவார்கள் மற்ற டிரைவர்கள்.

அவருக்கு ஒரே மகள். அவள் எஞ்சின் படித்து, எஞ்சின் சோதனைக்கூடத்திலேயே வேலைக்குச் சேர்ந்தாள். எந்த எஞ்சின் எவ்வளவு புகை விடுகிறது என்று அளப்பது அவள் வேலை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அப்பாவுக்குப் போன் போட்டு ஆரம்பித்தாள். நின்ற இடத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டரை லிட்டர் டீசல் வீண். எஞ்சின் போதுமான சூடு ஏறாமல் ஓடினால் உள்ளே கரி படியும். அந்தப் புகை வண்டியைச் சுற்றியே தங்கும், முதலில் அதை மூச்சில் இழுப்பது உள்ளே தூங்குகிற ஆள்தான்.

அவர் பொறுமையாகக் கேட்பார். பிறகு காரணம் சொல்வார். வெயில் காலத்தில் கேட்டால் ஏசி. குளிர் காலத்தில் கேட்டால், அணைத்தால் திரும்பக் கிளம்பாது. இரண்டும் இல்லாத மாதத்தில் கேட்டால் பிரேக்கை இயக்கும் காற்று இறங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் அவள் பதில் வைத்திருந்தாள். ஒருநாள் அவர் சலித்துப்போய், "நீ எஞ்சினைப் படிச்சவம்மா. நான் எஞ்சின் மேல படுத்தவன்" என்று போனை வைத்துவிட்டார்.

உண்மைக் காரணத்தை அம்மாதான் சொன்னாள். அவர் கைக்கு முதலில் வந்தது ஒரு பழைய லாரி. அதன் ஸ்டார்ட்டர் வேலை செய்யாது. அணைத்தால் நாலு பேர் தள்ள வேண்டும். வெட்டவெளியில் நாலு பேருக்கு எங்கே போவது? அதனால் அணைப்பதே இல்லை. இருக்கையிலேயே சாய்ந்து தூங்கும்போதும் காது ஒன்றை எஞ்சினிடம் விட்டுவைப்பார். சத்தம் லேசாகத் தடுமாறினால் போதும், கண்ணைத் திறக்காமலே கால் போய் ஆக்சிலேட்டரைத் தொடும். அப்படி ஆறு வருஷம். பிறகு புது வண்டிகள் வந்தன, சாவியைத் திருப்பினால் கிளம்பின. அவர் காதுக்கு மட்டும் அதை யாரும் சொல்லவில்லை.

விடுமுறையில் வீட்டுக்கு வந்தால் இரண்டு நாள் சிவந்த கண்ணோடு திரிவார். அம்மா மேசை மின்விசிறியின் ஒரு இறக்கையைக் கையால் வளைத்து, கட்டில் காலோடு ஒட்டி வைத்தாள். அது கடகடவென்று கட்டிலை ஆட்டியது. அவர் தூங்கினார். "லாரியைக் கட்டிக்கிட்டு என்னை வச்சுக்கிட்டிருக்கார் உங்கப்பா" என்பாள் அம்மா. அந்தக் கடகடப்பில்தான் மகள் வளர்ந்தாள், பாடம் படித்தாள், பரீட்சைக்குப் போனாள். ஒரு விடுமுறை முடிந்து அவர் வண்டிக்குத் திரும்பிய பிறகு, சாயங்காலம் அம்மா அந்த விசிறியை அணைத்தாள். வீடு அவ்வளவு பெரியது என்று அப்போதுதான் தெரிந்தது.

வண்டியில் வரும் கனவுகளைப் பற்றி அவர் சொல்லியிருக்கிறார். வீட்டுக் கனவு நின்ற இடத்திலேயே நிற்குமாம். வண்டிக் கனவு போய்க்கொண்டே இருக்குமாம். ஸ்டியரிங்கில் யாரும் இல்லை, ஆனாலும் லாரி போகும். பாதை தண்ணீருக்கு மேல் விரித்த துணி மாதிரி இருக்கும், சக்கரம் பட்ட இடத்தில் லேசாக அமுங்கி, கடந்ததும் எழும்பும். ஓரத்தில் அவருக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் நின்று கை காட்டுவார்கள். நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றாது, அவர்களுக்கும் தோன்றாது. பாரம் என்ன ஏற்றியிருக்கிறோம் என்று திரும்பிப் பார்ப்பார். வெளிச்சமாக ஏதோ இருக்கும், தார்ப்பாய் போட்டு மூடியிருக்கும். "அதுக்கு எடையே கிடையாதும்மா, வண்டி பஞ்சு மாதிரி போகும்" என்றார். எஞ்சினை அணைத்தால் அந்தப் பாதை காலடியில் கிழிந்து, அவர் பலகையில் வந்து விழுவாராம்.

அப்படி விழ வேண்டிய நாள் வந்தது.

யார்டின் மதிலை ஒட்டி மர நிழலில் ஓர் இடம். அதுதான் அவர் வழக்கமாக நிறுத்துவது. மதிலுக்கு அந்தப் பக்கம் வீடுகள். ஒரு நண்பகலில் யாரோ வண்டிக் கதவைத் தட்டினார்கள். எட்டிப் பார்த்தால், கசங்கிய உடையும் கலைந்த தலையுமாக ஒரு பெண், அக்குளில் தலையணை. மதிலோரத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள். ஆஸ்பத்திரியில் இரவு நேர நர்ஸ். அவரைப் போலவே பகலில் தூங்க வேண்டியவள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் திருப்பிக் கத்தியிருப்பார், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

"அண்ணே, ராத்திரி என் வார்டுல நாப்பது பேர். போன வாரம் ஒருத்தருக்கு மருந்து அளவைத் தப்பா எடுத்துட்டேன். ஊசி போடுறதுக்கு முன்னாடி பாத்துட்டேன், தப்பிச்சோம். மூணு வாரமா எனக்குத் தூக்கம் இல்ல. நீங்க தூங்குற சத்தம்தான் எனக்குக் கேக்குது."

அவர் சாவியைத் திருப்பி அணைத்தார். அவள் தலையணையோடு திரும்பிப் போனாள்.

அன்று அவர் தூங்கவில்லை. மறுநாள் வண்டியை யார்டின் மறுகோடியில் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கேயும் மதில் இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கமும் ஜன்னல் இருந்தது. ஜன்னலில் திரை போட்டிருந்தது. பகலில் திரை போட்ட ஜன்னலைப் பார்த்தாலே அவருக்குப் பயம் வந்துவிட்டது. மறுபடி அணைத்தார். மற்ற டிரைவர்கள் கிண்டல் செய்தார்கள். தொட்டில்காரருக்குப் பால் மறக்கடிச்சாச்சா என்று ஒருவர் கேட்டார். நாலு நாளில் பழகிவிடும் என்று ஒருவர் ஆறுதல் சொன்னார்.

ஏழு நாளாகியும் பழகவில்லை. எட்டாம் நாள், ஆளில்லாத நேரான சாலையில், அவர் கண் திறந்தபடி கனவு கண்டார். பாதை தண்ணீர் மேல் துணியாக விரிந்தது. ஓரத்தில் யாரோ கை காட்டினார்கள். அவரும் கை காட்டினார். இடப்பக்கச் சக்கரம் மண்ணில் இறங்கிக் குலுக்கியதில்தான் விழித்தார். வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, அந்த ஓரத்தில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். யாரும் இல்லை.

மகளுக்குப் போன் செய்தார். நர்ஸ், மருந்து, மதில், மண் எல்லாவற்றையும் ஒரு பழுது அறிக்கை மாதிரி வரிசையாகச் சொன்னார். கடைசியில், "வண்டியை விட்டுடலாம்னு பாக்கறேன். அந்தப் பொண்ணு தூக்கத்தை எடுத்து நான் தூங்க முடியாது. தூங்காம ஓட்டவும் முடியாது" என்றார்.

இத்தனை வருஷம் அவள் சொல்லி வந்தது நடந்துவிட்டது. எஞ்சின் நின்றுவிட்டது. அவளுக்கு மகிழ்ச்சி வரவில்லை. லாரி இல்லாத அப்பாவை அவளால் எண்ணிப் பார்க்க முடிந்தது. அதுதான் தொல்லை. வாசலில் நாற்காலி போட்டு, போகிற வண்டியின் சத்தத்தை வைத்தே என்ன வண்டி என்று சொல்லிக்கொண்டு, யாரும் கேட்காமல். "ஒரு வாரம் லீவு போடுங்கப்பா. வண்டியை மட்டும் என்கிட்ட விடுங்க" என்றாள்.

முதலில் எளிய வழியைப் பார்த்தாள். எஞ்சின் சத்தத்தை ஒரு மணி நேரம் பதிவு செய்து, பலகைக்கடியில் ஸ்பீக்கர் வைத்தாள். அவர் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். சத்தம் இருக்கிறது, ஆள் இல்லை என்றார்.

தூங்க வைத்தது சத்தம் அல்ல, அதிர்வு என்று அவளுக்குப் புரிந்தது. சோதனைக்கூடத்திலிருந்து அதிர்வு அளக்கும் கருவியை எடுத்து வந்து பலகையில் ஒட்டினாள். ஆறு சிலிண்டர், நிமிஷத்துக்கு அறுநூறு சுற்று. நொடிக்கு முப்பது துடிப்பு. கணக்கும் கருவியும் ஒத்துப்போயின. ஒரு சின்ன மோட்டாரின் அச்சில் ஒரு பக்கம் மட்டும் எடை வைத்து, அதே முப்பதில் சுழலவிட்டு, பலகைக்கடியில் பொருத்தினாள். தனி பேட்டரி. புகை கிடையாது. மதிலுக்கு அந்தப் பக்கம் எறும்புக்குக்கூடக் கேட்காது. இரண்டு இரவு விழித்துச் செய்தது. அவ்வளவு சீரான துடிப்பை அவள் இதற்குமுன் செய்ததில்லை.

அவர் படுத்தார். கையைப் பலகையில் வைத்துப் பார்த்தார். மகள் முகத்தையும் பார்த்தார். அவள் மனம் நோகக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு, குறட்டைகூட விட்டார். அவர் குறட்டை அவளுக்குத் தெரியாதா? இது பொய்க் குறட்டை.

"அப்பா."

"ம்."

"என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்லம்மா. அதான் குறை. இது யாரோ பெரிய மனுஷன் வீட்டு எஞ்சின். நம்மளது நொண்டும்."

அவள் வீட்டுக்கு வந்து அளவுத் தாளை மறுபடி விரித்தாள். இருந்தது. ஆறு துடிப்பில் ஒன்று மெலிந்து இருந்தது, ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில். ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. முதல் நாளே அது அவள் கண்ணில் பட்டிருந்தது. பட்டதும் தள்ளிவிட்டாள். பழுதைக் கணக்கிலிருந்து கழிப்பது அவள் தொழில்; சோதனைக்கூடத்தில் அதற்குத்தான் சம்பளம். அப்பா இத்தனை வருஷம் காது கொடுத்துக் காத்தது அந்த நொண்டலைத்தான். எங்கே நின்றுவிடுமோ என்று. அது நொண்டி நொண்டி நிற்காமல் போவது தெரிந்தால்தான் அவர் மனம் இறங்கும்.

அடுத்த நாள் ஒரு குட்டிப் பற்சக்கரம் சேர்த்தாள். மோட்டார் ஆறு சுற்று சுற்றினால் அது ஒரு சுற்று. அதில் ஒரு சின்ன எடை, ஆறாவது துடிப்பை மட்டும் பின்னுக்கு இழுக்கும். நல்ல மோட்டாரைக் கெடுக்க அவளுக்கு ஒரு முழு நாள் பிடித்தது.

அவர் யார்டுக்குத் திரும்பிய நாளில் அவளும் கூடப் போனாள். மதிலோரம், மர நிழல், பழைய இடம். டோக்கன் எண் பதினேழு. அந்த யார்டில் எண்ணை மூன்று தடவை கூப்பிடுவார்கள். வண்டி நகரவில்லை என்றால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டியதுதான். எந்தக் காரணமும் செல்லாது. அன்றைக்கு மதியத்துக்குள் முறை வந்துவிடும் போலிருந்தது.

சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். அந்த அமைதி விழுந்ததும் தோள் இறுகியது. பலகையில் சாய்ந்தார். அவள் குனிந்து சுவிட்சைப் போட்டுவிட்டு டிரைவர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வெயில் கண்ணாடியில் மெல்ல நகர்ந்தது. இலை நிழல்கள் டாஷ்போர்டின் மேல் ஏறி, ஸ்டியரிங்கைத் தாண்டி, அவள் கையில் வந்து அசைந்தன. இருக்கையின் வழியாக அந்த நொண்டல் அவள் முதுகுக்கு வந்தது. ஐந்து, பிறகு ஒரு மெலிசு. ஐந்து, பிறகு ஒரு மெலிசு. எண்ணிக்கொண்டே இருந்தவளுக்கு எண்ணிக்கை வழுக்கியது. யார்டு முழுக்க நின்றுகொண்டிருந்த லாரிகள் எல்லாம் ஒரே வேகத்தில், ஒன்றை ஒன்று இடிக்காமல், எங்கேயோ போய்க்கொண்டிருப்பது போல் இருந்தது. மதிலுக்கு மேல் தெரிந்த ஜன்னலும் தன் திரையோடு பக்கத்திலேயே வந்தது.

பின்னாலிருந்து குறட்டை வந்தது. இது உண்மையானது. ஆரம்பத்தில் ஒரு இழுப்பு, நடுவில் ஒரு தடங்கல், கடைசியில் சின்ன விசில்.

அப்போது பதினேழு என்று கூப்பிட்டார்கள்.

அவள் அசையவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டார்கள். எழுப்பினால் பதினைந்து நிமிஷத்தில் பாரம் ஏற்றிக் கிளம்பலாம். எழுப்பாவிட்டால் ஒரு நாள் போகும். அவள் நேரத்தை நொடியாக வெட்டி வேலை பார்ப்பவள். ஒரு சோதனை பத்து நிமிஷம் தள்ளிப்போனாலே எரிச்சல் வரும். யார்டு மேற்பார்வையாளர் தாளைப் பிடித்துக்கொண்டு வண்டியை நோக்கி வருவதைப் பார்த்ததும் சத்தமில்லாமல் கதவைத் திறந்து இறங்கினாள்.

"பதினேழு உங்க வண்டிதானே? தொட்டில் எங்க?"

"தூங்கறார்."

"எஞ்சின் ஓடலையே" என்றார் அவர், நம்பாமல். படியில் ஒரு கால் வைத்து எட்டிப் பார்த்தார். உள்ளே திறந்த வாயோடு தூங்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்துவிட்டு இறங்கினார். குரல் தானாகத் தணிந்தது. "எழுப்பலையா? இப்ப விட்டா கடைசிதான், தெரியும்ல?"

"தெரியும்."

மேற்பார்வையாளர் தாளில் பதினேழை அடித்தார். மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. அடுத்த எண்ணைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

அவர் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஆறு மணி நேரம். எழுந்து உட்கார்ந்து, முன்னால் காலியாகக் கிடந்த வரிசையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். தூக்கத்தில் உப்பிய முகம் குழந்தை முகம் மாதிரி இருந்தது. அது மெல்ல மெல்ல டிரைவர் முகமானது.

"முறையை விட்டுட்டியா? ஒரு நாள் போச்சே, அறிவிருக்கா உனக்கு? எஞ்சினியராம்."

அந்த ஒரு நாளுக்காக அவர் அவளைத் திட்டிக்கொண்டே இருந்தார். யார்டில் திட்டினார், வீட்டில் திட்டினார், உறவுக்காரர்கள் முன்னால் திட்டினார். எஞ்சினை அணைத்துவிட்டு, பலகையில் சாய்ந்தபடி போன் போட்டும் திட்டினார். நாலு வார்த்தை திட்டுவதற்குள் பேச்சு குழறும், குறட்டை வரும். போனை வைக்காமல் அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். இன்னும் ஆறு வருஷம் ஓட்டினார். கடைசி வரை திட்டினார்.