பார்ட்டி நெமிலிச்சேரிக்குப் போன மாலை

ஆவடியில் எங்கள் தொழிற்சாலையில் மாதத்தின் கடைசி வேலை நாள், ஓய்வு பெறுகிறவர்களுக்கு உரியது. பிற்பகலில் அந்தந்தப் பிரிவில் பார்ட்டி நடக்கும். மாலை, சால்வை, கேக், சமோசா, சில பேச்சுகள். அது முடிந்ததும் ஓய்வு பெற்றவரை மாலையோடு வேனில் ஏற்றி, முன்னால் பேண்டு செட் வாசிக்க, கூட வேலை பார்த்தவர்கள் ஆடிக்கொண்டே வீடு வரை கொண்டுபோய் விடுவார்கள். ஒரு மனிதர் இத்தனை காலம் காலையில் எங்கே கிளம்பிப் போனார் என்பதை அவருடைய தெரு அன்றுதான் சரியாகத் தெரிந்துகொள்ளும்.

இது ஆண்களுக்கு மட்டும் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. ஆனால் பெண்களுக்குக் கேக்கோடு முடிந்துவிடும். நான் எங்கள் பிரிவில் தர ஆய்வாளராகச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான்.

எங்கள் பிரிவில் மில்லிங் மெஷினில் வேலை பார்த்த அக்கா ஓய்வு பெறும் மாதம் வந்தது. கணவர் இறந்தபின் அவருக்குப் பதிலாக வேலைக்கு வந்தவர். அவர் அதில் இரும்பைச் செதுக்கி அனுப்பும் உருப்படிகளை அளந்து பார்ப்பது என் வேலை. திருப்பி அனுப்ப நேர்ந்தது மிகவும் குறைவு. நெமிலிச்சேரியிலிருந்து தினமும் மின்சார ரயிலில் வருவார். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், விழா ஏற்பாடுகளைக் கவனிக்கும் யூனியன்காரரிடம் சிரித்துக்கொண்டே கேட்டார்.

“இன்னா அண்ணாத்தே, எனக்கும் பேண்டு உண்டா?”

“ஐயே, உனுக்கு எதுக்கும்மா பேண்டு? ஆம்பளைன்னா பசங்க குத்து போட்டுகினு வருவானுங்க. உனுக்கு யாரு ஆடுவா?”

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். கை கழுவும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: “எதிர் ஊட்டம்மா இன்னும் நான் ஏதோ ஆபீஸ்ல டீ குடுக்கறேன்னு நெனச்சிகினு கீது. ஒரு நாளு பாக்கட்டுமேன்னுதான் கேட்டேன்.”

பார்ட்டியில் பேசும் பொறுப்பு எனக்கு வந்தது. நாட்குறிப்பு எழுதுகிறவள் என்பதால் இப்படிப்பட்டவை என் தலையில் விழும். பேச்சுக்குத் தயாராகும்போது, அன்றாடம் சொல்லும் ‘பார்ட்டி’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று அகராதியைப் பிரித்துப் பார்த்தேன். லத்தீனில் ‘பங்கு’ என்று பொருள்படும் சொல்லில் தொடங்கி, பிரெஞ்சில் ‘பிரிப்பது’ என்ற வினை வழியாக ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது. முதலில் பிரிந்த பகுதி, பிறகு வழக்கின் ஒரு தரப்பு, ஒரு கட்சி, ஒரு காரியத்துக்காகத் தனியே கிளம்பிய குழு. விருந்துக்காகக் கூடும் கூட்டம் என்ற பொருள் கடைசியில்தான் வந்து சேர்ந்தது. நம் ஊரில் எல்லாப் பொருளும் ஒன்றாகப் புழங்குகின்றன. திருமழிசை மனைத் தரகர் “பார்ட்டி ரெடி” என்றால் அது மனை வாங்கும் ஆள். கொடி கட்டினால் அது வேறு பார்ட்டி. நம் ‘கூட்டம்’ கூடுவதிலிருந்து வந்தது. அவர்களுடைய ‘பார்ட்டி’ பிரிப்பதிலிருந்து வந்தது. இது எனக்குப் பிடித்திருந்தது. அதையே பேசினேன்.

“பிரிக்கறதுன்னா முதல்ல அந்த கேக்கைப் பிரிங்க மேடம், பசிக்குது,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. என் பேச்சு அத்துடன் முடிந்தது.

அன்று வேறு பிரிவின் மேற்பார்வையாளர் ஒருவரும் ஓய்வு பெற்றார். பேண்டும் வேனும் யூனியன்காரரும் அவரோடு குவார்ட்டர்ஸ் பக்கம் போய்விட்டார்கள். சத்தம் தேய்ந்து மறையும் வரை அக்கா வாசலிலேயே நின்றார். பிறகு மாலையைக் கழற்றி, பையில் வைப்பதற்காக மடிக்கத் தொடங்கினார். மிச்சக் கேக்கை ஏற்கெனவே டப்பாவில் எடுத்து வைத்திருந்தார்.

மேலே கிரேன் ஓட்டும் தோழி ஒருத்தி இறங்கி வந்து அக்காவின் கையைப் பிடித்தாள்.

“யக்கா, மாலைய எதுக்குக் கழட்டுற? போடு.”

“ரயில்ல எப்டிடி போட்டுகினு போறது? எல்லாம் சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். நாங்களும் வர்றோம்.”

அவள் வீடு ஐயப்பன்தாங்கல், முற்றிலும் வேறு திசை. என் வீடு குவார்ட்டர்ஸ். ஆனாலும் எங்கள் பிரிவுப் பெண்கள் அனைவரும் ஆவடி நிலையத்துக்கு நடந்தோம். பெண்கள் பெட்டியில் ஏறியதும், மடிக்கணினிப் பையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து அக்காவுக்கு இடம் கொடுத்து, “கல்யாணமா ஆன்ட்டி?” என்றாள்.

“இந்த வயசுலயா? ரிட்டையர்டு கண்ணு. மில்லிங் மெஷின் ஆபரேட்டர்,” என்றார் அக்கா. அந்தக் கடைசிச் சொற்களைப் பெட்டி முழுவதும் கேட்கும்படி சொன்னார். முன்பின் தெரியாதவர்கள் கை தட்டினார்கள். கிரேன்காரி டிபன் பாக்ஸ் மூடியில் தாளம் போட ஆரம்பித்தாள்.

நெமிலிச்சேரியில் இறங்கியபின்னும் அந்தத் தாளம் நிற்கவில்லை. மூடி, கரண்டி, வெறும் கை, எது கிடைத்ததோ அது. அக்காவின் தெருமுனை வந்ததும் கிரேன்காரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடினாள். மற்றவர்களும் சேர்ந்தார்கள். நான் ஆடத் தெரியாதவள். அக்காவின் பையைப் பிடித்துக்கொண்டு தாளத்துக்கு நடந்தேன். தெருப் பாதி வந்தபோது அக்காவே மாலையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டு ஆட இறங்கினார். எல்லோரையும்விட அவர்தான் நன்றாக ஆடினார்.

எதிர் வீட்டம்மா வெளியே வந்தார். “இன்னாமே, இன்னா விசேஷம்? யாரு இவுங்கல்லாம்?”

“எங்க பேக்டரி ஆளுங்க. இத்தினி வருசம் மெஷின் ஓட்டுனேன் இல்ல, இன்னிக்கு முடிஞ்சிது. கொண்டாந்து உட வந்துகிறாங்க.”

“மெஷினா? நீயா?” அவர் அக்காவைக் கால் முதல் தலை வரை பார்த்தார். “சொல்லவேயில்லியே நீ!”

“நீ எங்க கேட்ட?”

அக்கா டப்பாவைத் திறந்து, மிச்சக் கேக்கைத் தெருவுக்கே பங்கு போட்டார். துண்டுகள் சிறுத்துக்கொண்டே போயின. எனக்கு வந்தது விரல் நுனி அளவு. அகராதியில் படித்ததை அதைவிடச் சரியாக யாரும் செய்து காட்டியிருக்க முடியாது. அவ்வளவு பெருமையோடு நான் எந்தக் கேக்கையும் தின்றதில்லை.

திங்கட்கிழமை யூனியன்காரர் எங்கள் பிரிவுக்கு வந்தார். நெமிலிச்சேரிச் செய்தி அவருக்கு ஏற்கெனவே எட்டியிருந்தது. அடுத்த மாதம் பெயின்ட் பிரிவிலிருந்து ஒரு பெண் ஓய்வு பெறுகிறார். யாரையும் நேராகப் பார்க்காமல் கேட்டார்:

“அந்தம்மா எந்த ஸ்டேஷன்?”

“அம்பத்தூர்,” என்றேன்.

“ரயில்ல டிரம்மு ஏத்த உடுவானா?”

கிரேனிலிருந்து பதில் வந்தது. “மூட்ட ஏத்துற வெண்டர் பொட்டில ஏத்தலாம் அண்ணாத்தே. ஆனா ஆடத் தெரிஞ்சா மட்டும் வா!”