எங்கடை ஆளின் உத்தியோகங்கள்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் மொன்றியலில் அண்ணையும் நானும் ஒரே அறையில் இருந்தோம். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அதிபராக இருந்த அண்ணை, டவுன்டவுன் உணவகமொன்றில் கோப்பை கழுவினார். ஞாயிறு மத்தியானங்களில் தொலைக்காட்சியில் பழைய கறுப்பு வெள்ளை அமெரிக்கப் படங்கள் பிரெஞ்சுக் குரலில் ஓடும். பாதி விளங்காது. கதாநாயகர்களை எனக்குப் பிடிக்காது. ஒருவனும் வேலைக்குப் போனதாகத் தெரியவில்லை. நாங்கள் காத்திருந்தது தொங்குமீசை வைத்த ஒரு துணை நடிகருக்காக. ஒரு கிழமை தபால்காரராக வருவார், மறுகிழமை லிஃப்ட் இயக்குவார். இரண்டு வசனம் பேசிவிட்டுப் போய்விடுவார்.

“எங்கடை ஆளுக்கு இந்தக் கிழமையும் வேலை கிடைச்சிட்டுது,” என்பார் அண்ணை.

ஒருநாள் அவர் நீதிபதியாக வந்தார். அண்ணை எழும்பி நின்று கைதட்டினார். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “தலைமயிரைப் பாருங்கோ அண்ணை, கறுப்பாக் கிடக்கு. இது முந்தின படம்,” என்றேன். போன கிழமைப் படத்தில் அவர் நரைத்த தலையோடு உணவக வெயிற்றராகத் தட்டம் ஏந்தி வந்திருந்தார்.

அண்ணை மெல்ல உட்கார்ந்தார்.

“பரவாயில்லை,” என்றார் பிறகு. “தட்டத்தை வடிவாப் பிடிச்சவர்.”