வலது முன் சக்கரத்தில் ஒரு முடிச்சு

காலை ஐந்தரை மணிக்குத் தாம்பரத்திலிருந்து கிளம்பினேன். திண்டிவனம், செஞ்சி, கீழ்பென்னாத்தூர் வழியாகத் திருவண்ணாமலை ஏறத்தாழ நூற்று எழுபது கிலோமீட்டர். பக்கத்து இருக்கையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் இட்லிப் பொட்டலமும் மட்டும். நான்கு மாதத்துக்கு முன்புவரை அந்த இருக்கையில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்துகொண்டு, "பாத்து சரோ, லாரி வருது, பாத்து" என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வருவார். "ஏன், எனக்குக் கண்ணு இல்லையா?" என்று நானும் ஓயாமல் திட்டிக்கொண்டே ஓட்டுவேன்.

துக்கம் நடந்த வீட்டுக்காரர்கள் ஒரு வருஷம் மலைக்கோயிலுக்குப் போகக்கூடாது என்பது எங்கள் வழக்கம். முந்தின நாளே நாத்தனார் போனில் ஒரு பாட்டம் ஆடித் தீர்த்துவிட்டாள். "நான் கோயிலுக்குள்ளயும் போகல, மலையும் ஏறல. கார்ல சுத்திட்டு வரேன், அவ்ளோதான்" என்று போனை வைத்துவிட்டேன்.

வயிற்றில் ஆபரேஷன் ஆனபிறகு அவரால் பதினான்கு கிலோமீட்டர் நடக்க முடியவில்லை. வண்டி ஓட்டவும் கூடாது என்றார்கள். அதனால் மாதம் ஒருமுறை நான் ஓட்ட, காரிலேயே கிரிவலம் வந்துகொண்டிருந்தோம். கடைசி முறை, கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்களில் நான்காவதான நிருதி லிங்கத்தருகே வலி தாங்காமல் இருக்கையிலேயே சுருண்டுவிட்டார். பாதிச் சுற்றில் வண்டியைத் திருப்பி ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன். போகிற வழியில், "மீதிய அப்புறம் வந்து முடிச்சிடலாம்" என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை. அடுத்த வாரம் மகன் காரை விற்கப்போகிறான். அவர் உட்கார்ந்து வந்த வண்டியிலேயே அந்த மீதியை முடித்துவிட வேண்டும் என்று தோன்றியது. எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

செஞ்சி வரை ஒரு தொந்தரவும் இல்லை. கீழ்பென்னாத்தூரை நெருங்கும்போது ஒரு பள்ளத்தில் வலது சக்கரம் தொம்மென்று இறங்கி ஏறியது. உடனே ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு மஞ்சள் விளக்குகள். ஒன்றில் ஏபிஎஸ் என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் வழுக்கிக்கொண்டு போகும் ஒரு கார் படம். சக்கரம் சறுக்காமல் பிடித்துக்கொள்ளும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் வேலை செய்யவில்லை என்று அதற்கு அர்த்தம். சனியனே, இன்றைக்கா நீ எரிய வேண்டும்?

ஊருக்குள் ஒரு டீக்கடையோரம் நிறுத்தினேன். டீ பன்னிரண்டு ரூபாய். குடித்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தபோது விளக்குகள் இல்லை. அப்பாடா என்று கொஞ்ச தூரம் நகர்வதற்குள் இரண்டும் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டன. ரிவர்ஸிலேயே திரும்பி வந்து, டீக்கடைக்காரரிடமே கேட்டேன்.

"பிரேக் புடிக்குதில்லம்மா? அப்ப மெதுவா போங்க. திருவண்ணாமலைல போளூர் ரோட்ல அன்வர் பாய் ஷெட் இருக்குது, அங்க காட்டிடுங்க."

பிரேக் பிடித்தது. நாற்பதைத் தாண்டாமல் உருட்டிக்கொண்டு திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தபோது ஒன்பது மணி. அன்வர் பாய்க்கு ஐம்பது வயதிருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தார். அதற்கு ஐந்நூறு ரூபாய்.

"வலது முன் சக்கரத்து சென்சார்னு காட்டுதும்மா. நாலு சக்கரமும் எவ்ளோ வேகத்துல சுத்துதுன்னு வண்டி பாத்துக்குனே இருக்கும். ஒரு சக்கரத்தோட கணக்கு வரலன்னா, எனக்கு ஒண்ணும் தெரியலன்னு மொத்தத்தையும் ஆஃப் பண்ணிடும்."

சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுத் தூசியைத் துடைத்தார். ஸ்கேனரில் எதையோ அழித்தார். வண்டியைத் தெருமுனை வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தார். விளக்குகளும் அவரோடேயே வந்தன.

"சென்சாரே கெட்டுப் பூட்டிருந்தா புதுசு வேலூர்லேருந்துதான் வரணும். நாளைக்கு ஆயிடும்மா."

"நாளைக்கா? இங்க யார் வீட்ல போய் நான் படுக்கறது?"

"கோச்சிக்காதீங்கம்மா. மொதல்ல சக்கரத்தக் கழட்டிப் பாத்துடுவோம்."

ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினார். விளக்கடித்துப் பார்த்தவர், "இன்னாம்மா இது, இங்க போய்க் கட்டி வெச்சிருக்கீங்க?" என்றார்.

குனிந்து பார்த்தேன். ஷாக் அப்சார்பரைச் சுற்றி, சோழி கோத்த திருஷ்டிக் கயிறு ஒன்று. கறுப்பு நிறமே தெரியாமல் சேறு அப்பியிருந்தது. சென்சாருக்குப் போகும் ஒயரையும் சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்ததால், உராய்ந்து உராய்ந்து ஒயரின் தோல் பிய்ந்துபோயிருந்தது.

"நான் கட்டல பாய்" என்றேன். சொல்லும்போதே யார் கட்டியது என்று தெரிந்துவிட்டது.

நான் ஓட்டி வந்த முதல் மாதம். ராஜகோபுரத்துக்கு எதிரே அந்தக் கயிற்றை வாங்கி, பம்பரில் கட்டப் போனார். "இது காரா, கன்னுக்குட்டியா, கயிறு கட்ட? தூக்கிப் போடுங்க அத" என்றேன். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் காபி வாங்கிக்கொண்டு திரும்பியபோது முன் சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தையல் பிரிந்துவிடும், எழுந்திருங்கள் என்று கத்தினேன். "டயர்ல காத்து இருக்கான்னு பாத்தேன்" என்று, என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவரே ஓட்டிய அத்தனை வருஷத்தில் அவருக்குக் கயிறு கட்டத் தோன்றியதில்லை.

"அறுத்துப் போடுங்க பாய்."

அவர் கத்தியை எடுக்கவில்லை. "சாமி கயிறும்மா. எங்க அத்தா காலத்துலேருந்தே இந்த ஷெட்ல ஒரு வழக்கம். கயிறோ, எலுமிச்சம்பழமோ, நாங்க கை வெக்க மாட்டோம். கட்டனவங்களே வந்து அவுத்துக்கணும்."

"கட்டினவர் இல்ல பாய்."

"அப்ப நீங்கதாம்மா" என்று, ஒரு சாக்கை மடித்துச் சக்கரம் இருந்த இடத்தருகே போட்டார்.

முட்டி போட்டு உட்கார்ந்தேன். பால் கவரில் ரப்பர் பேண்டு போட்டாலும் மேலே ஒரு முடிச்சுப் போடுகிற மனுஷன். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று முடிச்சு. எண்ணெயும் சேறும் ஏறிக் கல்லாகிக் கிடந்தன. அறுக்க மனம் வரவில்லை. நகத்தால் நெம்பினேன்; பாய் கொடுத்த சின்ன ஸ்க்ரூ டிரைவரால் குத்திக் குத்தித் தளர்த்தினேன். கடைசி முடிச்சு விட்டுக்கொடுத்தபோது எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தெருவோர ஷெட்டில், சேற்றுக் கையோடு, வாய்விட்டே அழுதேன். ஏன்யா இப்படிப் பண்ணினீங்க, சொல்லியிருந்தா கட்டிக்கச் சொல்லியிருப்பேனே என்று நினைத்தேன். அதுவும் பொய்தான். சொல்லியிருந்தால் திட்டித்தான் இருப்பேன்.

பாய் ஒயரைப் பற்றவைத்து டேப் சுற்றினார். சக்கரத்தை மாட்டி, மறுபடி தெருமுனை வரை போய் வந்தார். "ஆஃப் ஆயிடுச்சும்மா. இனிமே அது ஒண்ணும் சொல்லாது. தைரியமா போங்க."

நிருதி லிங்கத்தருகே விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். வலது பக்கம் மலை கூடவே வந்தது. கயிறு பக்கத்து இருக்கையில் கிடந்தது. அடி அண்ணாமலை தாண்டி, குறுக்குச் சந்திலிருந்து ஒரு வேன் கண்மண் தெரியாமல் வெளியே பாய்ந்தது. பிரேக்கை அழுத்தினேன், வண்டி சறுக்காமல் நின்றது. "ஏன், எனக்குக் கண்ணு இல்லையா?" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். வேன் போய்விட்டது. வண்டிக்குள் ஒரு சத்தமும் இல்லை.

எட்டாவதான ஈசான்ய லிங்கத்தோடு மீதி முடிந்தது. கும்பிடத் தோன்றவில்லை; வண்டியிலேயே சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்பினேன். கீழ்பென்னாத்தூரில் அந்தப் பள்ளம் வந்தது. ஒதுங்கிப் போக இடம் இருந்தும் வலது சக்கரத்தை அதிலேயே இறக்கினேன். பிறகு செஞ்சி வரை, அந்த மஞ்சள் விளக்கு ஒருமுறையாவது எரியாதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டினேன். எரியவில்லை.