நூறு மீட்டர் கல்யாணம்

ஆல்வின் ட்ரெம்பாத் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அதன்பின் எங்கள் பழைய கார் சங்கத்தில் பெர்மிட் பார்க்கும் பொறுப்பை ஏற்றார். போன மாதம் அவரை அடக்கம் செய்தோம். அன்றிலிருந்து, ஆஸ்திரேலியாவில் பெண்டிகோவுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் சிற்றூரில் பழைய வண்டி வைத்திருக்கும் எல்லாரும் சாவியைத் திருகும் முன் ஒரு கணம் பின்னால் திரும்பிப் பார்க்கிறார்கள். நானும்தான்.

சங்கத்தில் இருந்தால் பழைய காருக்கு மலிவாகப் பெர்மிட் கிடைக்கும். ஆனால் வருஷத்துக்கு இத்தனை நாள்தான் ஓட்டலாம். ஓட்டும் நாளில், வண்டியைக் கிளப்பும் முன்பே லாக் புத்தகத்தில் ஒரு வரியில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். வரிகள் தீர்ந்தால் அடுத்த புத்தகம் வரும்வரை வண்டி ஷெட்டில்தான்.

"சாவிக்கு முன்னாடி பேனா" என்று ஆல்வின் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். பார்பெக்யூ புகைக்கு நடுவில், கையில் சாசேஜோடு சொல்வார். அவருடைய வான்நீல ஹோல்டன் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே நூலில் கட்டிய பேனா ஒன்று தொங்கும். அது எழுத மறுத்தால் இன்னொன்று சட்டைப் பையில் இருக்கும்.

கறிக்கடை கெல்வின் டன்ஸ்டன் ஒருமுறை தேதியைத் தப்பாகப் போட்டு, அடித்து, மேலே திருத்தி எழுதினார். அடித்தாலும் அது செலவான வரிதான், மேலே எழுதியது செல்லாது என்று ஆல்வின் தீர்ப்பளித்தார். கெல்வினிடம் வேறு வரி இல்லை. அந்த ஈஸ்டர் ஊர்வலத்துக்கு அவர் தன் மனைவியின் சின்ன ஜப்பான் காரில், தோல் கையுறையும் பழங்காலத் தொப்பியுமாக, பழைய கார்களின் வரிசைக்குக் கடைசியில் வந்தார். இரண்டு வருஷம் ஆல்வினுக்கு நல்ல இறைச்சித் துண்டு கிடைக்கவில்லை.

இந்த ஆல்வினுக்கு ஒரே மகள், டாம்சின். பிரசவத்துக்குப் போன தாயையும் பிறந்த குழந்தையையும் வீட்டுக்குக் கொண்டு வந்தது அந்த ஹோல்டன்தான். கல்யாணத்துக்கும் அதில்தான் போவேன் என்று ஏழு வயதில் சொன்னவள், முப்பத்திரண்டிலும் அதையே சொன்னாள். அதற்காக ஆல்வின் கடைசி வரி ஒன்றைத் தொடாமல் வைத்திருந்தார். சங்கத்தின் இலையுதிர்காலப் பயணத்துக்குக்கூட என் வண்டியில் ஒட்டிக்கொண்டு வந்தார். வழி நெடுக என் கியர் மாற்றும் விதத்தைக் குறை சொன்னார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் வண்டியைக் கழுவ ஷெட்டிலிருந்து முன்வாசலுக்கு எடுத்தார். நிறுத்துமிடத்திலிருந்து நூறு மீட்டருக்குள் ஓட்டினால் எதுவும் எழுத வேண்டியதில்லை. அந்த விதியை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். ஆனால் கை பழக்கத்தில் போய்விட்டது. உட்கார்ந்தார், பேனாவை எடுத்தார், அந்தக் கடைசி வரியில் அன்றைய தேதியை அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகுதான் சாவி.

அவர் மனைவி கிளெனிஸ் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். நான் போனபோது ஆல்வின் தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். தண்ணீர் அவர் ஷூவுக்குள் போய்க்கொண்டிருந்தது.

அடித்துவிட்டு நாளைய தேதியைப் போடு, யாருக்கும் தெரியாது என்று நான் சொன்னேன்.

"கெல்வினுக்குத் தெரியும்," என்றார்.

"அவனுக்கு யார் சொல்லப் போறா?"

"நான்தான் சொல்லணும். அவனுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒண்ணா?"

வேலி ஓரத்திலிருந்து கிளெனிஸ் சொன்னாள்: "இந்த மனுஷனைக் கட்டிக்கிட்ட அன்னிக்கே நான் ஒரு வரி அடிச்சிருக்கணும்."

டாம்சின் அழவில்லை. வாடகைக் கார் சொல்லிவிடலாம் என்று மட்டும் சொன்னாள். அந்த 'மட்டும்'தான் ஆல்வினை உட்கார வைத்துவிட்டது. ஈரப் படிக்கட்டிலேயே உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றி நீரைக் கொட்டினார்.

பிறகு எழுந்துபோய், தானே கெல்வினுக்குப் போன் பண்ணினார். கெல்வின் வெகுநேரம் சிரித்ததாக அப்புறம் சொன்னார். சிரித்து முடித்துவிட்டு, கல்யாண மண்டபம் எங்கே என்று கேட்டிருக்கிறார். அதே தெருக் கோடியில், முந்நூறு மீட்டர் தள்ளி.

மறுநாள் காலையில் கெல்வின் கறிக்கடை ஏப்ரனோடு, நீள அளவுநாடாவுடன் வந்தார். ஷெட் கதவிலிருந்து நூறு மீட்டர் அளந்து, தெருவில் சாக்பீஸால் கோடு போட்டார். கோடு மக்கலிஸ்டர் வீட்டுப் புல்தரைக்கு நேரே விழுந்தது. மண்டபத்தில் போட்டிருந்த நாற்காலிகளைச் சங்கத்து ஆட்கள் தூக்கி வந்து அந்தப் புல்தரையில் பரப்பினார்கள். கல்யாணம் செய்துவைக்கும் ரோசலிண்ட் பெட்ரியிடம் இடம் மாறினால் செல்லுமா என்று பதறிக்கொண்டு கேட்டேன். சாட்சி ரெண்டு பேர் இருந்தால் போதும், மாட்டுக் கொட்டகையிலும் கட்டிவைத்திருக்கிறேன் என்றாள்.

ஹோல்டன் வெளியே வந்தது. ஆல்வின் நடைவேகத்தில் ஓட்டினார். பக்கத்தில் டாம்சின், மடியில் முகத்திரையோடு. வண்டிக்கு முன்னால் கெல்வின் குனிந்து, கையைக் காட்டிக்கொண்டே கோடு வரை பின்னோக்கி நடந்தார்.

ஆல்வின் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "முன் சக்கரமா, முன் பம்பரா?"

"பம்பர்தான்யா. உன் கூட்டத்துல நீ சொன்னதுதான்."

பம்பர் கோட்டுக்கு ஒரு சாண் முன்னே நின்றது. கெல்வின் மண்டியிட்டுப் பார்த்துவிட்டு எழுந்து, ஏப்ரனில் கையைத் துடைத்து, கதவைத் திறந்துவிட்டார்.

"இறங்கும்மா. உங்கப்பன் சுத்தம்."

டாம்சின் அப்போதுதான் அழுதாள். இறங்குவதற்கு முன் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டதில் அவர் காது மடிந்து, ஹாரன் ஒருமுறை அடித்தது.

கல்யாணம் முடிந்ததும் புதுத் தம்பதியை வண்டியில் ஏற்றி ஊர்வலம் போக வேண்டும். ஆல்வின் அவர்களை ஷெட் வரை ஓட்டினார், திருப்பினார், கோடு வரை ஓட்டினார். பிறகு மாப்பிள்ளையின் அத்தைகள் ஏறினார்கள். அப்புறம் மக்கலிஸ்டர் வீட்டார், ரோசலிண்ட், கடைசியில் ஏப்ரனோடு கெல்வின். பேனா ஆடிக்கொண்டே இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. அதன்பின் சாயங்காலம் வரை ஆல்வின் இறங்கவே இல்லை. கிளெனிஸ் கேக் துண்டை ஒவ்வொரு தடவையும் ஜன்னல் வழியே ஊட்டிவிட வேண்டியிருந்தது.