என் முறைக்கு வந்த வரி

மகளின் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்ததும் துருவும் ரப்பரும் கலந்த வாசனை எழுந்து, சிறுவயதில் எங்கள் ஊர் சேக்காட்டில் ஒரு மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் நடந்த டியூஷனை நினைவுக்குக் கொண்டுவந்தது. செங்கோண முக்கோணத்துக்கான பிதாகரஸ் தேற்றத்தை ஆளுக்கொரு வரியாக, காரணத்தோடு நிரூபிக்கவேண்டும். ஒருவர் திக்கினாலும் எல்லோரையும் முதலிலிருந்து தொடங்க வைப்பார் மிஸ். வெயிலில் தகரம் படபடக்க, பெஞ்சில் தலைகளை எண்ணி, எனக்கு வரப்போகும் வரியை மட்டும் உருப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் பக்கத்திலிருந்த கீதா தண்ணீர் குடிக்கப் போய்விட, அவளுடைய வரி என்மேல் விழுந்தது. தினமும் கேட்ட வரிதான், காரணம்தான் தெரியாது.

"A-லேர்ந்து BC-க்கு செங்குத்துக் கோடு வரையணும் மிஸ்."

"ஏன்?"

கீதா திரும்பி வருகிறாளா என்று மாடிப்படியைப் பார்த்தேன்.

"போச்சுடா, இன்னிக்கு ஊட்டுக்குப் போன மாதிரிதான்" என்று பின்பெஞ்சில் எவனோ முணுமுணுத்தான்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. மகள் புத்தகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"அப்பா, இந்தக் கோட்டை ஏன் வரையணும்?"

என்னையும் அறியாமல் தலைகளை எண்ணினேன். எனக்கு முன்னால் யாருமே இல்லை.