சாலை வாசகசாலையில் ஒரு வெள்ளைக்காரி

எங்கள் வாசகசாலைக்கு ஏறும்போது முதலில் வருவது தும்மல்தான். கீழே வத்தல் மிளகாய் மூட்டைகளை அடுக்கிவைக்கும் "கிட்டங்கி", மாடியில் புத்தகங்கள். கீழே ஒரு சாக்கை அவிழ்த்தால் அந்த நெடி மரத்தளத்தின் இடுக்கு வழியாக ஏறி வந்து, பத்திரிகை படித்துக்கொண்டிருக்கும் பெரியவர்களை மேசை வரிசைப்படி தும்ம வைத்துவிட்டு ஜன்னல் வழியாக வெளியேறும். திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் கடை வைக்க வந்த நாஞ்சில் நாட்டுக் குடும்பங்கள் சேர்ந்து நடத்திய இடம் அது. வாசல் பலகையில் மலையாளத்தில் "வாயனசாலை" என்று எழுதியிருந்தாலும் உள்ளே பாதிக்கு மேல் தமிழ்ப் புத்தகங்கள்.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது விமலா அக்கா அங்கே நூலகராக வந்தாள். பகலில் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மக்களின் இலக்கியத்தைப் பற்றி ஆராய்ச்சி, மாலையில் எங்களோடு. வந்த சில மாதத்திலேயே, அந்த மக்களின் வரலாற்றையும் எழுத்தையும் ஒரு வாரம் நாம் கொண்டாட வேண்டும் என்று கமிட்டியிடம் கேட்டாள். செயலாளர் சங்கரலிங்கம் மாமாவுக்கு இரும்புக்கடை. புத்தகம் என்றால் உயிர். ஆனால் அவருக்கும் ஒரு தயக்கம் இருந்தது.

"வாரம் பூரா கறுப்புன்னா எப்படிம்மா, நடுவுல வெள்ளிக்கிழமை வருதே?"

விமலா அக்கா சிரிக்கவில்லை. அந்த மக்களைக் கப்பலில் அடைத்துக் கொண்டுபோனதையும், எழுத்துக் கற்றுக்கொண்டதற்காகச் சவுக்கடி வாங்கியதையும், பிற்காலத்தில் நூலக வாசலில் வைத்தே திருப்பி அனுப்பியதையும் நிதானமாகச் சொன்னாள். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாசிக்க வந்தவியள வாசல்லயே விரட்டினானுவளா? பாவிப்பயலுவ. நீ நடத்தும்மா, வெள்ளிக்கிழமைய நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

சுவரெல்லாம் எழுத்தாளர்களின் படங்கள் வந்தன. பத்திரிகை படிக்க வந்த பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இவியெல்லாம் நம்ம ஆளுவ மாதிரில்லா இருக்காங்க" என்றார். கடைசி நாளுக்கு விமலா அக்காவே ஒரு நாடகம் எழுதினாள். அமெரிக்காவில் ஒரு கறுப்பினச் சிறுமி நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் கேட்கிறாள், வெள்ளைக்கார நூலகர் மறுக்கிறாள், போலீஸ் வருகிறது.

இங்கே என் நிறத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் எனக்கு "எள்ளுருண்டை" என்று பெயர். எங்களோடு இருந்த அப்பாவின் அக்கா, என் அத்தை, வாரம் தவறாமல் "கடலமாவு" குழைத்து என் முகத்தில் அப்பிக் காயவைப்பாள். அது உதிர்ந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பிப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவாள். வாசகசாலை நாடகங்களில் நான் கரடியாகவும் இருட்டாகவும் நடித்திருக்கிறேன். ராணி வேஷம் எப்போதும் சங்கரலிங்கம் மாமாவின் மகள் பொன்னிக்கு. பொன்னி சுண்டினால் சிவக்கிற நிறம், என் உயிர்த்தோழி, இரண்டு வரிக்கு மேல் எதையும் மனப்பாடம் செய்ய முடியாதவள்.

ஆகவே வேஷம் பிரித்தபோது நடந்தது எல்லோருக்கும் நியாயமாகவே பட்டது. கதாநாயகி பொன்னி, ஏனென்றால் கதாநாயகி எப்போதும் பொன்னி. வெள்ளைக்கார நூலகருக்குப் பக்கம் பக்கமாக வசனம். அதைப் பேச என்னைவிட்டால் ஆளில்லை. விமலா அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நிறத்துக்கென்னம்மா, மணியன் பாத்துக்கிடுவான்" என்று மாமா முடித்துவிட்டார். மணியன், கோயில் திருவிழா நாடகங்களுக்கு வேஷம் போடுகிறவர்.

நாடகத்தன்று மாலை புத்தக அலமாரிக்குப் பின்னால் எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, பொன்னிக்கு விளக்குக்கரியும் தேங்காயெண்ணெயும், எனக்கு வெள்ளைப் பூச்சும் ரோஸ் பவுடரும் என்று மணியன் இரண்டு கையாலும் வேலை செய்தார். முடித்துக் கண்ணாடியைக் காட்டியபோது நான் மூச்சுவிட மறந்தேன். எட்டிப்பார்த்த அத்தை, "என் ராசாத்தி!" என்று கத்திவிட்டு, என் முகத்தைச் சுற்றி, இரு கைகளையும் தன் நெற்றியில் வைத்துச் சொடுக்கினாள். அத்தை எனக்குத் திருஷ்டி கழித்தது அதுதான் முதல் தடவை. பொன்னிக்கு எப்போதும் கழிப்பாள்.

அப்போதுதான் சிறப்பு விருந்தினர் வந்தார். நீமா, தான்சானியாவிலிருந்து இங்கே படிக்க வந்தவர், விமலா அக்காவின் சிநேகிதி. படியில் எதிர்கொண்ட மாமா, ஒரு வாரமாகத் தயார் செய்த ஆங்கிலத்தில் வரவேற்க, அவர் அழகான மலையாளத்தில் நன்றி சொன்னார். மாமாவுக்கு அடுத்த வாக்கியம் மறந்துவிட்டது. குழந்தைகளைப் பார்க்க வேண்டும் என்று நீமா நேராக அலமாரிக்குப் பின்னால் வந்தார்.

கரியில் பளபளக்கும் பொன்னியைப் பார்த்தார். சுண்ணாம்புச் சுவர்போல இருந்த என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தவர் பூச்சு எட்டாத என் கையையும் பார்த்தார். பிறகு மணியனிடம் மெதுவாக, "எந்தினா சேட்டா, இத்ரயும் கஷ்டப்பெட்டது?" என்று கேட்டார். எதற்காக அண்ணா இத்தனை சிரமம் என்ற அந்தக் கேள்விக்கு மணியன் மாமாவைப் பார்த்தார், மாமா விமலா அக்காவைப் பார்த்தார். விமலா அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "தப்பு என்மேல. அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றவள், வாளியும் சோப்பும் கொண்டுவரச் சொன்னாள்.

என் வெள்ளை ஒரே குவளைத் தண்ணீரில் போயிற்று. நான் தேம்பித் தேம்பி அழுதேன். ஒரு மாலைப்பொழுதாவது அத்தை முன்னால் அப்படி நிற்க வேண்டும் என்று இருந்தது. நீமாவின்மேல் அவ்வளவு கோபம். பொன்னியின் கரியோ போவதாக இல்லை. எண்ணெயோடு தோலில் ஊறி அவளைச் சாம்பல் நிறமாக்கி, சோப்பு கண்ணில் இறங்கி, அவளும் அழுதாள். சிறுமி நான், நூலகர் பொன்னி, வசனத்தைப் பார்த்துப் படிக்கலாம் என்று முடிவாயிற்று.

திரை விலகியது. முன்வரிசையில் அத்தை என்னைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் சொந்த முகத்தோடு மேடைக்குப் போய், விசும்பலை அடக்கிக்கொண்டு, "அம்மா, எனக்கு ஒரு புத்தகம் வேண்டும்" என்றேன்.

பொன்னி தாளைப் பார்த்தாள். எரிகிற கண்ணுக்கு ஓரெழுத்தும் தெரியவில்லை. "இங்கே உனக்கு இடமில்லை" என்று திரைக்குப் பின்னாலிருந்து விமலா அக்கா எடுத்துக்கொடுத்தாள். பொன்னி என்னைப் பார்த்தாள். என் கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மேசைமேல் இருந்த புத்தகத்தை எடுத்து என் கையில் திணித்து, "கொண்டு போ பிள்ளே, அழாத" என்றாள்.

ஒரு மணிநேர நாடகம் அதோடு முடிந்தது. தன் நேரம் வந்துவிட்டதாக எண்ணித் தடியோடு பாய்ந்து வந்த போலீஸ், பலசரக்குக் கடைப் பையன் முருகன், நாங்கள் இருவரும் கட்டிக்கொண்டு அழுவதைக் கண்டு திகைத்து, கூட்டத்தைப் பார்த்து, "இப்போ யாரப் பிடிக்கணும்?" என்று கேட்டான். கூரை அதிரச் சிரிப்பு. முதலில் எழுந்து நின்று கைதட்டியவர் நீமா. அன்றைக்கு அந்த நூலக வாசல்களில் இப்படி ஒரு பொன்னி இருந்திருந்தால் இந்த நாடகமே வேண்டியிருந்திருக்காது என்று அவர் சொன்னதை விமலா அக்கா தமிழில் சொன்னாள். பிறகு நீமா தம் மொழியில் நீண்ட பாட்டொன்று பாடினார். அவர் மூச்சுவிட நிறுத்திய இடத்திலெல்லாம் முடிந்துவிட்டதென்று நினைத்து நாங்கள் கைதட்டினோம். தடுக்காமல், கைதட்டல் ஓய்ந்த பிறகு தொடர்ந்து பாடினார். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். கோபம் எப்போது போனதென்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அத்தை, "எல்லாம் நல்லாத்தான் இருந்து. ஆனா அந்த வெள்ளையக் கழுவியிருக்க வேண்டாம்" என்றாள்.

இப்போது அந்த மாடியில் செல்போன் உறைகள் தொங்குகின்றன. தமிழ் படிக்கும் பிள்ளைகள் குறைந்து குறைந்து வாசகசாலையை மூடினார்கள். புத்தகங்கள் எங்கெங்கோ போயின. விமலா அக்கா வெளியூரில் பேராசிரியை. பொன்னி நாகர்கோவிலில் இருக்கிறாள். நீமா ஊருக்குத் திரும்பிய பிறகு செய்தி இல்லை.

அத்தை கடைசிவரை எங்களோடுதான் இருந்தாள். வயதாக வயதாக அவளுக்கு நாடகம் மறந்து, பொன்னி மறந்து, தண்ணீர் வாளியும் மறந்துபோயிற்று. அலமாரிக்குப் பின்னால் பார்த்தது மட்டும் நின்றது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "இவ சின்னதுல வெள்ளைக்காரியா நடிச்சா பாரு, நெசமான வெள்ளைக்காரி தோத்துப்போவா, சாலையே அசந்துபோச்சு" என்பாள். ஆரம்பத்தில் திருத்தினேன், பிறகு விட்டுவிட்டேன். போன ஆண்டு அத்தையும் போய்விட்டாள். நான் வெள்ளைக்காரியாக நடித்ததைப் பார்த்தவர் இப்போது இந்த ஊரில் யாருமில்லை.